சுண்ணாம்பும் பவளமும்: மாட்டுங்கா வீட்டுத் தொட்டிகளை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி அமைத்து அதில் பவள உயிர்களை வளர்ப்போர் தமக்குள் வழங்கும் சொற்களுள் ‘கால்க்வாஸர்’ என்பது ஒன்று. ஜெர்மன் மொழிச் சொல். ஏதோ ஆய்வகத்தில் வடித்தெடுத்த அரிய மருந்தின் பெயர்போல ஒலிக்கும். பொருள் எளியது: சுண்ணாம்பு நீர். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, கசடு அடியில் தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை இறுத்துக்கொள்வது. சித்த மருத்துவம் இதனைச் சுண்ணாம்புத் தெளிநீர் என்று அறியும். மாட்டுங்கா கடைத்தெருவில் வெற்றிலையோடு மடித்துத் தரப்படும் சுண்ணாம்பும் வேதியியல் நோக்கில் இதன் உடன்பிறப்பே.

இந்தச் சுண்ணாம்புக்கும் பவளத்துக்கும் நம் கரையில் நீண்டதொரு உறவு உண்டு. ஆனால் அது நேர் எதிர்த் திசையில் ஓடிய உறவு. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சூளையில் நீற்றிச் சுண்ணாம்பு ஆக்கினோம். ஐரோப்பாவில் சிலர் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிப் பவளத்தை வளர்க்கக் கற்றனர். இரண்டாவது வரலாறு பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் அன்றி வீடுகளில் நிகழ்ந்தது. முதல் வரலாறு நம் கடல்சார் ஆய்வு நூல்களில் ஓரளவு பதிவாகியிருக்கிறது. இரண்டாவதில் நம்மவர் பங்கு மும்பையின் சில பழைய குடியிருப்புகளில் நோட்டுப் புத்தகங்களாகக் கிடக்கிறது. அவற்றைத் தேடும் பணியின் முன்னுரையாக இக்குறிப்பை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நவமணிகளுள் ஒன்றாக நாம் எண்ணும் செம்பவளம் நம் கடலின் பொருள் அன்று; மத்தியதரைக் கடலின் பொருள். பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க வணிகக் கையேடு முசிறித் துறையில் இறங்கும் சரக்குகளுள் பவளத்தையும் சேர்க்கிறது. உரோமர் முத்தை எவ்வளவு மதித்தனரோ அவ்வளவு இந்தியர் பவளத்தை மதித்தனர் என்ற பொருள்படப் பிளினி எழுதியிருக்கிறார். சென்னை ஜார்ஜ் டவுனில் இன்றும் பவழக்காரத் தெரு என்றொரு தெரு உண்டு. வைரத்தை ஏற்றுமதி செய்து ஈடாகப் பவளத்தை வரவழைத்த யூத வணிகர்களின் நினைவு அத்தெருப் பெயரில் தங்கியிருக்கிறது. இந்தச் செம்பவளத்தின் உடலில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசி இல்லை. அது பாறைத்திட்டு எழுப்புவதும் இல்லை. தீவுகளைத் தாங்கும் திட்டுகளை எழுப்புவது வேறு வகை: கல்பவளம். தமிழில் இரண்டுக்கும் ‘பவளம்’ என்ற ஒரே சொல் வழங்குவதால் ஒன்றன் மதிப்பு மற்றதன்மேல் ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். நடந்தது அதுவன்று. நகைக்கடைப் பவளம் மணியாகவே இருந்தது. கரையோரப் பவளம் கல்லாகவே கருதப்பட்டது. கட்டடக் கல், பின்னர் சூளைக் கல்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களை உற்றுநோக்கியவர்கள் அக்கற்களில் பூவிதழ் போன்ற துளைகளைக் கண்டிருப்பர். ஒவ்வொரு துளையும் ஒரு பாலிப் வாழ்ந்த அறை. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் கொண்ட அந்தக் கடற்பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி முழுதும் பவளக்கல் பெருமளவில் வெட்டப்பட்டது. சுண்ணாம்புச் சூளைகளுக்கும் கால்சியம் கார்பைடு போன்ற தொழில்களுக்கும் அது மூலப்பொருளாயிற்று. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்ட பின்னும் வெட்டு உடனே நின்றுவிடவில்லை. தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லி, கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. பவளம் வெட்டியோரை மட்டும் குற்றம் சொல்வது எளிது. அந்தக் கல்லை வாங்கிய சூளைக்காரர், அந்தச் சுண்ணாம்பை வாங்கிய ஆலை, அந்த ஆலையின் பொருளை வாங்கிய நகரம் என்று சங்கிலி நீளும். நம் சமூக வரலாற்று ஆய்வுகள் முத்துக்குளிப்புக்குக் கொடுத்த கவனத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட இந்தப் பவளக் கூலிகளுக்குக் கொடுக்கவில்லை என்பது என் மனக்குறை.

இனி, உயிரோடு வளர்த்த வரலாறு.

பவளம் செடியா விலங்கா என்ற ஐயமே பதினெட்டாம் நூற்றாண்டு வரை தீரவில்லை. பெய்ஸ்ஸோனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1720களில் அது விலங்கு என்று கண்டு சொன்னபோது பாரீசின் அறிஞர் அவை எளிதில் ஏற்கவில்லை. விலங்கு என்று ஏற்கப்பட்ட பின், அதன் திசுவுக்குள் பாசியும் குடியிருக்கிறது என்பது தெரியவந்தது. கார்ல் பிராண்ட் 1881இல் அந்த நுண்ணுயிருக்கு ஜூசாந்தெல்லா என்று பெயரிட்டார். அது இரட்டைக் கசையிழைப் பாசி வகையைச் சார்ந்தது என்பதைப் பலாவுத் தீவில் ஜப்பானியர் நடத்திய வெப்பமண்டல உயிரியல் நிலையத்தில் பணியாற்றிய சிரோ கவகுட்டி 1944இல் வெளியிட்டார். போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. அந்நிலையமும் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. அந்தப் பாசி பவளத்துக்கு உணவு தருகிறதா என்பதில் நெடிய வழக்கு இருந்தது. 1928–29இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு ஆய்வுப் பயணத்தைத் தலைமையேற்று நடத்திய சி. எம். யாங், பவளம் முற்றும் ஊனுண்ணி என்ற நிலைப்பாட்டில் உறுதியாக இருந்தவர். பின்னாளில் அந்த நிலைப்பாடு தளர்ந்தது. 1959இல் தாமஸ் கோரோ, கதிரியக்கக் கால்சியத்தைப் பயன்படுத்தி, ஒளியில் பவளத்தின் சுண்ணக்கூடு பன்மடங்கு விரைவாக வளர்கிறது என்று அளந்து காட்டினார். ஒளி, பாசி, சுண்ணாம்பு ஆகிய மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பத்திகள் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

ஆனால் வளர்த்தவர்கள் இந்தத் தெளிவுக்காகக் காத்திருக்கவில்லை. 1846இல் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கீ கடற்கரையில் கண்ட சிறு கிண்ணப் பவளங்களைக் கற்சாடியில் இட்டு இலண்டனுக்குக் கொண்டுவந்தார். அவர் கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் திருச்சபையில் பதவி வகித்தவர். ஆகவே அந்தப் பவளங்கள் வாழ்ந்தது அத்திருச்சபை வளாகத்து இல்லத்தில். கடலிலிருந்து புதுநீர் வரவழைப்பது கடினமாகவே, சாடியின் நீரைத் திறந்த சாளரத்தின் முன் ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்று ஏற்றச் செய்தார். நாள்தோறும் அரைமணி நேரத்துக்குமேல் அதைச் செய்தது வீட்டுப் பணிப்பெண். அடுத்த ஆண்டு கடற்பாசிகளைச் சேர்த்ததும் பளு குறைந்தது. உலகின் முதல் நிலைத்த கடல்நீர்த் தொட்டிகளுள் ஒன்று இது. மீனுக்காக அன்று, பவளத்துக்காக ஏற்பட்டது. பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் முன்னின்று 1859இல் அவ்வம்மையாரின் குறிப்புகளை ஆய்விதழில் வெளியிடச் செய்ததால் இதனை அறிகிறோம். பணிப்பெண்ணின் பெயர் அதில் இல்லை.

அந்தக் கிண்ணப் பவளங்கள் குளிர்கடல் சார்ந்தவை, பாசியற்றவை, ஒளி வேண்டாதவை. வெப்பமண்டலத்துக் கல்பவளத்தை வளர்ப்பது வேறு நிலைச் செயல். 1956இல் நியூ கலிடோனியாவின் நூமெயாவில் ரெனே கதலா திறந்த காட்சியகம் அதில் வெற்றி கண்டது. ஆனால் அங்கே கடல் வாசலிலேயே இருந்தது. புதுநீர் ஓயாமல் உள்ளே வந்து வெளியே போயிற்று. கடலிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அதனைச் செய்ய முடியும் என்று எழுதிக் காட்டியவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961இல் அமெரிக்க இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரை இத்துறையின் திருப்புமுனை. அவர் கையாண்டவை மூன்றே: சூரிய ஒளி, மெல்லிய காற்றுக் குமிழ், கடலிலிருந்து உயிரிகளோடு எடுத்த பாறைத் துண்டுகள். பாறையின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்கள் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாகவும், உயிர்வளி குன்றிய உள்ளறைகளில் நைட்ரேட்டை வளிமமாகவும் மாற்றிவிடும். அந்த நுண்ணுயிரியல் விளக்கம் பின்னர் வந்தது. செய்முறை அவருடையது.

அக்காலத்து மேலைநாட்டு வளர்ப்பாளர் பலர் அதனைப் பின்பற்ற முயன்று தோற்றனர். குளிர்நாட்டு மங்கலான ஒளி ஒரு காரணம்; பாறை கடல்கடந்து வந்து சேர்வதற்குள் அதன் உயிர்கள் மடிந்து அழுகியது மற்றொன்று. முறையே தவறு என்ற எண்ணம் பரவியது. ஏறத்தாழ இருபது ஆண்டுக்குப் பின் பெர்லின் நகரத்து ஆர்வலர் குழுவொன்று அதே பாறையை நடுவில் வைத்து, நீரிலிருந்து கரிமக் கழிவை நுரையாக ஒதுக்கும் கருவியையும் உலோக ஹாலைடு விளக்கையும் சேர்த்து வெற்றிபெற்றது. அது பெர்லின் முறை என்ற பெயரோடு நூல்களில் ஏறியது. ஜகார்த்தா முறை என்று எவரும் சொல்வதில்லை. அறிவு வரலாற்றில் பெயர் சூட்டல் எப்படி நடக்கிறது என்று வகுப்பில் விளக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இதைவிடச் சிறிய, இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

சுண்ணாம்பு நீர் இந்தக் கதைக்குள் நுழைவது பீட்டர் வில்கென்ஸ் வழியாக. 1973இல் வெளியான தம் நூலில் அவர் அதனைப் பரிந்துரைத்தார். அதன் சிறப்பு ஒரு விகிதத்தில் அடங்கியிருக்கிறது. பவளம் தன் கூட்டுக்காக நீரிலிருந்து ஒரு பங்கு கால்சியத்தையும் இரு பங்கு பைகார்பனேட்டையும் எடுக்கிறது. சுண்ணாம்பு நீர் ஒரு பங்கு கால்சியத்தையும் இரு பங்கு ஹைட்ராக்சைடையும் தருகிறது; அந்த ஹைட்ராக்சைடு காற்றின் கரியமில வாயுவை ஏற்றுப் பைகார்பனேட்டாகிறது. ஆக, செலவு எந்த விகிதத்தில் நிகழ்கிறதோ அதே விகிதத்தில் வரவும் நிகழ்கிறது. எச்சம் எதுவும் தொட்டியில் சேர்வதில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவு மக்னீசியமும் உண்டு. காரத்தாங்குதிறன் ஜெர்மன் அளவையில் ஏறத்தாழ 7 டிகிரி. கல்பவளம் நிறைந்த தொட்டியில் இக்காரத்தாங்குதிறன் ஒரே நாளில் 1 டிகிரி குறைவது வழக்கம். குறைவதைவிட ஆபத்தானது, குறைந்ததைக் கண்டு பதறி ஒரே மூச்சில் ஏற்றுவது. கிளைப்பவளத்தின் தசை அடியிலிருந்து உரிந்து வெண்கூடு மட்டும் எஞ்சும் நோய்க்கு இத்தகைய திடீர் ஏற்ற இறக்கம் முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

பெர்லின் குழுவின் டீட்ரிஷ் ஷ்ட்யூபர் வளர்த்த ஒரு கிளைப்பவளத்தின் துண்டுகள் கைமாறிக் கைமாறிப் பல நாடுகளின் தொட்டிகளை அடைந்தன. முருங்கைப் போத்தை ஒடித்து நட்டு மரமாக்குவது போன்றதே இது. கடலைத் தொடாமல் பவளத்தைப் பெருக்கலாம் என்பதற்கு அதுவே கண்கண்ட சான்றாயிற்று.

இந்தியாவில் என்ன நடந்தது? எட்கர் தர்ஸ்டனின் முனைப்பில் 1909 அக்டோபரில் சென்னை மெரினாவில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது; நாட்டின் முதல் காட்சியகம் அதுவே. மன்னார் வளைகுடாவின் கடலுயிர்களைப் பற்றி அதற்கு முன்பே எழுதியிருந்தவர் தர்ஸ்டன். இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தில் அது மூடப்பட்டது. 1927இல் கிரேவ்லி தலைமையில் சென்னை அருங்காட்சியகம் குருசடைத் தீவின் உயிர்களை வரிசைப்படுத்தி வெளியிட்டது. ஜார்ஜ் மத்தாய் இலாகூரில் பேராசிரியராக இருந்து உலகின் கல்பவள இனங்களை வகைப்படுத்தினார். 1947இல் சென்னையில் தொடங்கி 1949இல் மண்டபத்துக்குப் பெயர்ந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் சி. எஸ். கோபிநாத பிள்ளை அப்பணியைத் தொடர்ந்தார். 1969 சனவரியில் பவளத்துக்கென்றே ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு மண்டபத்தில் கூடியது. பட்டியல் பெருமைக்குரியதே. ஆனால் ஏறத்தாழ எல்லாம் பெயரிடும் பணி, வகைப்படுத்தும் பணி. அறிவியல் பெயர் பெற்ற அதே பவளம் சில கல் தொலைவில் சூளைக்குச் சென்றுகொண்டிருந்தது.

மும்பையில் 1951 மே மாதம் மெரீன் டிரைவில் தாராப்பூர்வாலா மீன்காட்சியகத்தைக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் திறந்துவைத்தார். பார்சி வள்ளல் ஒருவரின் கொடை அதன் பெயரில் நிற்கிறது. மாட்டுங்கா, சயான், செம்பூர் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு தலைமுறையாகக் கண்ணாடிக்குப் பின்னால் கடலைக் கண்டது அங்கேதான். நான் பேசிய வளர்ப்பாளருள் மூத்தவர் அனைவரும் தம் ஆர்வத்தின் தொடக்கமாக அந்தக் கட்டடத்தையே சுட்டினர்.

மாட்டுங்கா ஏன்? 1896இல் தாக்கிய பிளேக் நோயை அடுத்து அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்தளித்த திட்டக் குடியிருப்பு இது. எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேர்கொண்டன. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. வேதியியல் தொழில்நுட்பக் கழகமும் பொறியியற் கல்லூரியும் நடைதூரத்தில். கணக்கெழுதும் பழக்கமும் சோதனைக்குழாய்ப் பழக்கமும் ஒரே வீட்டில் கூடுவதற்கு ஏற்ற சூழல். மீன் சமைக்காத வீட்டுக் கூடத்தில் மீன்தொட்டி வைத்திருப்பதைப் பற்றிய கிண்டலையும் அவ்வீடுகளிலேயே கேட்டேன். குர்லாவிலும் கிராபோர்டு சந்தையிலும் வளர்ப்பு மீன் கடைகள் இருப்பதால் பொருள் கிடைப்பதும் எளிது.

இந்நகரத்தின் நீர் மெல்லியது. தான்சா, வைதரணா முதலிய ஏரிகளில் தேங்கும் மழைநீரே குழாய்க்கு வருவதால் கரைந்த உப்பு மிகக் குறைவு. சென்னையில் ஆழ்குழாய் நீரைத் தூய்மையாக்கப் படும் பாட்டோடு ஒப்பிட்டால் மும்பை வளர்ப்பாளர் பேறு பெற்றவர். இருந்தும் குளோரினையும், பழங்கட்டடக் குழாய்களிலிருந்து கசியக்கூடிய செம்பையும் நீக்காமல் அந்நீரைப் பயன்படுத்த இயலாது. முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்குச் செம்பு நஞ்சு. மறுபுறம், மும்பைக் கடல்நீர் கலங்கலானது, கழிவு கலந்தது. ஆகவே கடல் அரைமணிப் பயணத்தில் இருந்தும் செயற்கைக் கடலுப்பைத்தான் வாங்கிக் கரைக்கின்றனர். தூத்துக்குடி உப்பளத்து உப்பு ஏன் ஆகாது என்று ஒரு மாணவர் கேட்டார். அளத்தில் சோடியம் குளோரைடு படிகமாகும்போது மக்னீசியம் உள்ளிட்ட பிற உப்புகள் பெரும்பகுதி கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. நமக்குச் சமையலுப்பாகத் தகுதி பெறுவதே அது கடல்நீராகத் தகுதி இழப்பதால்தான்.

ஆனால் மும்பையின் உண்மையான சிக்கல் மழைக்காலம். சுண்ணாம்பு நீரைத் தொட்டியில் வேண்டிய மட்டும் ஊற்ற முடியாது. ஆவியாகிப் போன நீருக்கு ஈடாகவே ஊற்றலாம். மிகுந்தால் உப்புச் செறிவு கெடும். லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவே சுண்ணாம்பு கரையும். 200 லிட்டர்த் தொட்டியில் நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியானால், அந்த 2 லிட்டர்ச் சுண்ணாம்பு நீர் கால்சியத்தை 8 மில்லிகிராமும் காரத்தாங்குதிறனை 1 டிகிரிக்குச் சற்று மேலும் உயர்த்தும். சனவரியின் உலர்காற்றில் இது போதுமானது. சூலையில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கையில் ஆவியாதல் பாதியாகச் சரிகிறது; சுண்ணாம்பும் பாதியாகிறது. அதே வேளையில் சாரலுக்கு அஞ்சிச் சாளரங்கள் அடைபடுகின்றன. அறையில் கரியமில வாயு மிகுகிறது. தொட்டியின் காரநிலை தாழ்கிறது. எப்போது சுண்ணாம்பு மிகுதியாக வேண்டுமோ அப்போது அதற்கு இடமில்லை. ஜெர்மன் நூல்களில் இச்சிக்கல் பெரிதாகப் பேசப்படுவதில்லை. பேச வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. மாட்டுங்காவில் நான் பார்த்த ஒரு நோட்டில் சூன் முதல் செப்டம்பர் வரைக்கெனத் தனிக் கணக்கு இருந்தது. குளிரூட்டி ஓடும் அறையில் காற்று உலர்வதால் ஆவியாதல் மீளும் என்பதைக் கண்டு, தொட்டியை அந்த அறைக்கு மாற்றிய நாளும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. இதுவும் ஆய்வுதான்.

வெப்பம் அடுத்தது. 30 டிகிரி செல்சியசைத் தாண்டி நீர் சில வாரங்கள் நீடித்தால் பாசி உற்பத்தி செய்யும் வினைமிகு உயிர்வளிச் சேர்மங்கள் பவளத்துக்கே தீங்காகின்றன. பவளம் பாசியை வெளியேற்றி வெளிறுகிறது. கடலில் நிகழ்வதும் இதுவே. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகச் சரிந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பதிவுசெய்திருக்கிறது. தொட்டிக்குள் குளிர்விக்கும் கருவி இருக்கிறது, கடலுக்கு இல்லை. கருவி மின்சாரத்தை நம்பியது. 2020 அக்டோபர் 12 காலை மும்பை முழுதும் மின்தடை ஏற்பட்டபோது, நீரோட்டம் நின்ற தொட்டிகளில் கையால் நீரை மொண்டு மொண்டு ஊற்றிக் காற்றேற்றினர். 1846இன் வெஸ்ட்மின்ஸ்டர்ப் பணிப்பெண் செய்ததும் இதைத்தான்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இக்குறிப்பு நேர்மையானதாகாது. 2001 சூலையில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், குழாய்ப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. புலிக்கு நிகரான காப்பு. எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். தோல்பவளம், காளான்பவளம் போன்ற மென்வகைகள் அப்பட்டியலில் பெயர் சுட்டப்படாததால் வீட்டுத் தொட்டிகளில் அவையே மிகுதி. அவற்றிலும் எச்சரிக்கை வேண்டும்: சில பொத்தான் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, பாறையைக் கொதிநீரில் இட்டுச் சுத்தம் செய்யப் போய் அந்த ஆவியால் குடும்பமே மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. கல்பவளம் மறைமுகமாகச் சந்தைக்கு வருவதே இல்லை என்று கடைத்தெருவை அறிந்த எவரும் சொல்லமாட்டார்.

இச்சட்டம் தேவையற்றது என்ற வளர்ப்பாளர் வாதத்தை நான் ஏற்கவில்லை. மன்னார் வளைகுடாவில் பவள வெட்டு 2005 வாக்கில் ஓய்ந்ததற்கு இச்சட்டமும் ஆழிப்பேரலை தந்த அச்சமும் சேர்ந்தே காரணம். தொட்டியில் வளர்ந்த துண்டு எது, கடலில் ஒடித்த துண்டு எது என்று சோதனைச் சாவடியில் பிரித்தறிய வழி இல்லாதவரை விலக்கு அளிப்பது சூளையைத் திறந்துவிடுவது போலாகும். ஆனால் சட்டத்தின் விளைவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தண்டனை அச்சத்தால் குறிப்பேடுகள் எரிக்கப்பட்டன, கிழிக்கப்பட்டன. 2001க்கு முன் கல்பவளம் வளர்த்த மூத்தோர் இன்று அதைப் பற்றிப் பேசத் தயங்குகின்றனர். பொருளைக் காத்த சட்டம் அப்பொருளைப் பற்றிய அறிவின் ஒரு பகுதியை மௌனமாக்கியது.

அந்த அறிவு இப்போது தேவைப்படுகிறது. 2002 முதல் தூத்துக்குடி நிறுவனத்தார் உடைந்த பவளத் துண்டுகளைக் கற்காரைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகின்றனர். மும்பையிலோ, கடற்கரைச் சாலைத் திட்டத்தின் பாதையில் வொர்லியிலும் ஹாஜி அலியிலும் சிறு பவளத் திரள்கள் இருப்பது தெரியவந்தபோது பலருக்கு வியப்பு: இந்தக் கலங்கல் நீரிலா பவளம்? ரைசாஞ்சிடே குடும்பத்துச் சிறு பவளங்கள் அவை. மொத்தப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கும் குறைவு. முதல் அட்டவணை உயிர் என்பதால் வனத்துறை அனுமதி பெற்று 2020 நவம்பரில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் அவற்றைப் பெயர்த்தனர். ஒரு பகுதி கொலாபாவின் கடற்படை நகர்ப் பக்கத்துக்குச் சென்றது. பெயர்த்த பவளத்தை நீரில் வைத்தே கொண்டுசெல்வது, வெப்பம் ஏறாமல் காப்பது, புதுப் பாறையில் ஒட்டுவது, காயம் ஆறும்வரை வண்டல் படியாமல் பார்ப்பது என ஒவ்வொரு படியும் குர்லா கடையிலிருந்து பாலிதீன் பையில் ஒரு காளான்பவளத்தை உள்ளூர் இரயிலில் கொண்டுவருபவர் கைப்பட அறிந்தது. கல்விப்புலத்துக்கும் இவர்களுக்கும் இடையே பேச்சே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

எனவே ஒரு வேண்டுகோள். மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் பகுதிகளில் 1980களிலோ 1990களிலோ கடல்நீர்த் தொட்டி வைத்திருந்த குடும்பங்களை அறிந்த நண்பர்கள், அங்கே நாட்குறிப்பு, நோட்டு, கடை இரசீது, ஒளிப்படம் எதுவாயினும் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். பெயர், முகவரி, வளர்த்த இனம் ஆகியவற்றை மறைத்துப் படியெடுத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டுவன நாள், வெப்பநிலை, ஊற்றிய சுண்ணாம்பு நீரின் அளவு ஆகிய மூன்று பத்திகளே. நாளும் நீரை மாற்றிக் கணக்கெழுதியவர் வீட்டுப் பெண்ணா, பணியாளரா என்பதையும் கேட்டு எழுதுங்கள். 1998, 2010, 2016 ஆகிய மூன்று கோடைகளிலும் வளைகுடாப் பவளம் வெளிறியது. அவ்வாண்டுகளின் ஏப்ரல் முதல் சூன் வரையிலான பக்கங்கள் கிடைத்தால் முதலில் அவற்றையே படிக்க விரும்புகிறேன்.